பதில் சொல்லாத எழுநூற்றுப் பதினான்கு கடைகள்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பாயிண்ட் அக்கா’ என்றால்தான் தெரியும். நேற்றைய கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் நாங்கள் ‘பாதிப் பேர் வந்திருப்பாங்க’ என்போம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘நாற்பத்தாறு பாயிண்ட் மூணு சதவீதம்’ என்பார். கேலியாக வைத்த பேர். பிறகு அதில் மரியாதையும் சேர்ந்துகொண்டது.

அது உணவக உரிமையாளர் சங்கத்தின் ஆய்வுப் பிரிவு. மூன்றாவது மாடியில் ஒரு நீள அறை, ஆறு தொலைபேசிகள், ஏழு நாற்காலிகள். ஏழாவது நாற்காலி அக்காவுடையது. நாங்கள் ஆறு பேரும் கடைகளுக்குப் போன் போட்டுக் கேள்வி கேட்போம். வந்த பதிலையெல்லாம் கட்டம் கட்டமாக அடுக்கி, கூட்டிக் கழித்து, அட்டவணையாக்குவது அக்காவின் வேலை. எல்லோரும் ஒப்பந்த ஊழியர்கள்தான். அக்கா கல்லூரியில் புள்ளியியல் இரண்டு வருடம் படித்தவர். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் மூன்றாம் வருடம் போகவில்லை. அந்தக் குறையைச் சொல்லிப் புலம்பி நான் கேட்டதில்லை. ஆனால் பட்டம் வாங்கிய யாராவது தப்பாகக் கணக்குப் போட்டால் அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்து போகும்.

அவர் கணவர் ஹோட்டலில் சர்வராக இருந்தவர். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இரண்டு தளமாக ஓடிய கடை அது. அதன் மாடியில் பத்தொன்பது வருடம் பரிமாறினார். இரண்டு கையிலும் எட்டுத் தட்டை அடுக்கிக்கொண்டு ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் படியேறுவாராம். அதனால் கடையில் அவருக்கு ‘மாடி’ என்று பேர். நாங்கள் மாடியண்ணன் என்போம்.

தொற்று வந்து ஊரை அடைத்தபோது கடையையும் அடைத்தார்கள். ‘ரெண்டு வாரம்தான். திறந்ததும் முதல் போன் உனக்குத்தான்’ என்று முதலாளி சொல்லி அனுப்பினார். இரண்டு வாரம் இரண்டு மாதமானது. அப்புறம் அண்ணன் ஊருக்கு வெளியே ஒரு பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டி வரும், அதன் மேல் ஒட்டிய கோடுகளைக் கருவியால் படிக்கவேண்டும், சரியான கூண்டில் போடவேண்டும். யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு இருநூறு பேரோடு பேசிய மனுஷன் வீட்டுக்கு வந்தும் பேசாமல் போனார். “கேட்டா ‘ம்’ங்கறாரு. அந்த ‘ம்’மும் இப்போ பாதியாயிடுச்சு” என்றார் அக்கா ஒருநாள். ‘பாதி’ என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஊர் திறந்து இரண்டு வருடம் கழித்துச் சங்கம் அந்த ஆய்வை எடுத்தது. தொற்றுக்கு முன் பதிவேட்டில் இருந்த கடைகள் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு இருபத்துமூன்று கேள்விகள் கேட்கவேண்டும். கடை திறந்திருக்கிறதா, எத்தனை மாதம் மூடியிருந்தது, முன்பு எத்தனை ஊழியர், இப்போது எத்தனை, வியாபாரம் எப்படி, இப்படிப் போகும். ஒரு கடைக்கு ஐந்து தடவையாவது முயலவேண்டும். அப்படியும் எடுக்காவிட்டால் ‘பதில் இல்லை’ என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டரை மாதம் எங்கள் காது சிவந்தது. கடைசியில் ஆயிரத்து நூற்று இருபத்தாறு கடைகள் பதில் சொல்லியிருந்தன. அவற்றில் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு திறந்திருந்தன.

சங்கச் செயலாளர் அட்டவணையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் பிறந்த நாளையெல்லாம் நினைவு வைத்திருந்து வாழ்த்துச் சொல்கிற ஆள். “எண்பத்தஞ்சு சதவீதம்! நூத்துக்கு எண்பத்தஞ்சு கடை எழுந்து நின்னுடுச்சு. அட்டையில இதையே பெருசாப் போட்டுடலாம்” என்றார்.

“சார், பதில் சொல்லாத எழுநூத்துப் பதினாலு கடை இருக்கே?” என்றார் அக்கா.

“பதில் சொல்லாதவங்களை எப்படிம்மா எண்ணறது? பதில் சொன்னவங்கள்ல எண்பத்தஞ்சு. அது தப்பா?”

“தப்பில்லை சார். ஆனா கடையை மூடிட்டுப் போனவன் கடை போனை எப்படி எடுப்பான்? எடுத்தவங்களை மட்டும் எண்ணினா திறந்திருக்கறவங்கதான் அதிகமா வருவாங்க.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரிம்மா. ஆனா மறுபடி ஆள் போட்டு விசாரிக்க நேரம் இல்லை. வெளியீட்டு விழாவுக்கு ஏழு வாரம்தான் இருக்கு. நீயா லீவு நாள்ல போய்ப் பார்த்தா நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன்.”

அவர் பேச்சுக்குச் சொன்னார். அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே எழுநூற்றுப் பதினான்கையும் பதிவேட்டு வரிசையில் அடுக்கினார். பத்துச் சீட்டில் ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு மடித்து, என்னைத்தான் குலுக்கி ஒன்றை எடுக்கச் சொன்னார். ஏழு வந்தது. ஏழாவது கடையிலிருந்து பத்துக்கு ஒன்று என்று எடுத்தால் எழுபத்தொரு கடைகள். “இதுல ஒண்ணைக்கூட மாத்தக் கூடாது. தூரமா இருந்தாலும் சரி, பிடிக்கலைன்னாலும் சரி” என்றார்.

முதல் ஞாயிறு அவர் தனியாகப் போனார். ஆறு இடம் சுற்றியதில் இரண்டு இடத்தில் வரி ஆபீஸிலிருந்து வந்தவர் என்று நினைத்துக்கொண்டு யாரும் வாயே திறக்கவில்லை. ஓரிடத்தில் நாய் துரத்தியது. அடுத்த ஞாயிறு காலை அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாராம். “பின்பக்கமாப் போய்க் கேக்கணும். முன்பக்கம் பூட்டியிருந்தாலும் பின்பக்கம் யாருக்காவது விஷயம் தெரியும்” என்றாராம். ஒரு வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்றார் அக்கா.

அவர் சொன்னது உண்மை. மூடிய ஹோட்டலின் கதை பின்சந்தில்தான் இருக்கும். பால் போட்டவர், எச்சில் இலையும் காய்க் கழிவும் அள்ளியவர், எதிர்வீட்டு ஜன்னலில் எப்போதும் உட்கார்ந்திருப்பவர், இவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அண்ணன் ‘இங்க மாஸ்டர் ஒருத்தர் இருந்தாரே’ என்று ஆரம்பித்தால் போதும், பதில் வந்துவிடும். ஒரு கடை இப்போது செல்போன் பழுது பார்க்கும் இடம். மூலையில் கை கழுவும் தொட்டி மட்டும் அப்படியே நிற்க, அதற்குள் பழைய சார்ஜர்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். இன்னொன்றை மெத்தை அடுக்கும் கிடங்காக்கிவிட்டார்கள். இன்னொன்றில் கூரையே இல்லை.

ஒரு முகவரி வீடாக இருந்தது. முன்னறையில் நான்கு மேசை போட்டு நடத்திய சின்னக் கடை. கதவைத் திறந்தவர் உரிமையாளரின் மனைவி. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கடை மேசைகள் நான்கும் இன்னும் அங்கேயே கிடந்தன. ஒன்றின் மேல் தையல் மெஷின். அக்கா படிவத்தை எடுத்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். பதினான்காவது கேள்வி: ‘மீண்டும் திறக்கும் எண்ணம் உண்டா?’

அந்த அம்மா படிவத்தைப் பார்த்தார். “இதை அவர்கிட்டதான் கேக்கணும். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனப்போ திரும்பி வந்ததும் திறக்கலாம்னுதான் சொல்லிட்டுப் போனாரு. வரலை. அவர் சொன்னதை எழுதறதா, நான் சொல்றதை எழுதறதா?”

அக்கா பேனாவை மூடினார். அண்ணன் எழுந்து போய்ச் சொம்பில் இருந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி அந்த அம்மா முன்னால் வைத்தார். அவர்கள் வீட்டுத் தண்ணீரை அவர்களுக்கே கொடுக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மேசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் தண்ணீர் வைக்கவேண்டும், அவ்வளவுதான். வெளியே வந்தபின் அக்கா அந்தக் கேள்விக்கு எதிரே எதுவும் எழுதாமல் விட்டார்.

ஐந்தாவது ஞாயிறு நானும் கூடப் போனேன். அன்றைய பட்டியலில் இருந்த முதல் கடைக்குப் பதினோரு தடவை போன் போட்டவள் நான்தான். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் அண்ணன் நின்றுவிட்டார். எதிரில் இரண்டு தளக் கட்டடம். மாடி ஜன்னல்களில் டைப்பிங், கம்ப்யூட்டர் வகுப்பு என்று பலகை.

“வேணும்னே போட்டியா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. பத்துக்கு ஒண்ணு. அதுவா வந்துச்சு. வந்ததை மாத்தக் கூடாது இல்லையா?”

“முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை.”

அண்ணன் சாலையைக் கடந்து பின்சந்துக்குப் போனார். அங்கே சாவி செய்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அட, மாடி! எங்கய்யா ஆளையே காணோம்? புதுக் கடைக்கு நீ போகலையா?”

“எந்தப் புதுக் கடை?”

சாவிக்காரரின் சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. முதலாளி ஒன்றரை வருடத்துக்கு முன்பே வேறு பேரில், பெரிய ஆபீஸ்கள் இருக்கிற பக்கம் கடை திறந்துவிட்டார் என்றார். பழைய ஆட்களில் யாரையாவது கூட்டிப் போயிருப்பார் என்று நினைத்தாராம்.

“வேண்டாம்ங்க. நான் மட்டும் போய்ட்டு வரேன்” என்றார் அக்கா.

“படிவத்தை நிரப்பணும் இல்ல? வா” என்றார் அண்ணன்.

புதுக் கடை கண்ணாடி போட்ட கடை. மேசைக்கு மேசை ஒரு அட்டை. அதைப் போனில் படமெடுத்தால் பட்டியல் வரும். வேண்டியதை அமுக்கிவிட்டு, எண் கூப்பிட்டதும் கவுண்டரில் போய் எடுத்துக்கொள்ளவேண்டும். பரிமாற ஆளே இல்லை. முதலாளி கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அண்ணனைக் கண்டதும் ஓடி வந்து தோளைப் பிடித்தார்.

“டேய் மாடி! எங்கடா போன? உன்னைத் தேடாத இடமில்லை!”

“வீடு மாறலை முதலாளி. நம்பரும் மாறலை.”

“என் போன் தொலைஞ்சு போச்சுப்பா. அதோட எல்லா நம்பரும் போச்சு.” அவர் கண் கலங்கித்தான் இருந்தது. அது பொய்யென்று நான் இன்றும் சொல்லமாட்டேன்.

எங்களை உட்காரச் சொன்னார். அக்கா படிவத்தை விரித்தார். அவர் குரல் போனில் பேசுகிற குரலாக மாறியிருந்தது.

“முன்னாடி எத்தனை பேர் வேலை பார்த்தாங்க?”

“இருபது… இருபத்திரெண்டு இருக்கும்.”

“இருபத்தாறு” என்றார் அண்ணன்.

“ஆமா, இருபத்தாறு. இவனுக்குத்தான் எல்லாம் தெரியும்.”

“இப்போ?”

“நாலு பேரும்மா. இந்தப் போன் முறை வந்தப்புறம் அதுவே போதும்.”

“தொற்றுக்கு முன்னாடி இருந்ததோட பார்த்தா இப்போ வியாபாரம் எப்படி?”

“கடவுள் புண்ணியத்துல பழைய நிலைக்கு வந்துடுச்சு. உண்மையைச் சொன்னா, கொஞ்சம் கூடவே.”

அக்கா எழுதிக்கொண்டார். அண்ணன் சமையலறைப் பக்கம் பார்த்தார். “உள்ள யாரு, நம்ம மாஸ்டரா?”

முதலாளி தலை குனிந்தார். “மாஸ்டர் போயிட்டாரேப்பா. அப்பவே, முதல் அலையிலேயே. உனக்குத் தெரியாதா?”

“எனக்கு யாரும் சொல்லலை.”

மாஸ்டரும் அண்ணனும் பத்தொன்பது வருடம் தினமும் மதியம் மூன்று மணிக்கு, கூட்டம் ஓய்ந்தபின், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இதை அக்கா பிற்பாடு சொன்னார். அப்போது எனக்கு அண்ணன் முகம்தான் தெரிந்தது. அடித்த அடியில் வலி வர நேரமாகுமே, அப்படி இருந்தது.

முதலாளி சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். யாரும் சாப்பிடவில்லை.

திரும்பும் பேருந்தில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பாதி வழியில் கேட்டார்: “எங்க கடையை எந்தக் கட்டத்துல எழுதுவ?”

“‘திறந்திருக்கிறது, இடம் மாறியது’ன்னு ஒரு கட்டம் இருக்கு.”

“அதுதானே உண்மை. எழுதிடு.” கொஞ்ச நேரம் கழித்து, “நான் எந்தக் கட்டத்துல வருவேன்?” என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அக்கா எத்தனை சிக்கலான கேள்விக்கும் விரல் சொடுக்குவதற்குள் எண் சொல்கிறவர். அன்று அண்ணன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் பார்க்கக் கூடாது என்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆறாவது ஞாயிறோடு எழுபத்தொன்றும் முடிந்தது. மூடியவை ஐம்பத்தேழு, திறந்தவை பத்து, விவரமே கிடைக்காதவை நான்கு. அந்தப் பத்தில் ஒன்று அண்ணனின் பழைய கடை. அதைக் கணக்கில் சேர்த்துத்தான் அக்கா மொத்தம் போட்டார். பதில் சொல்லாதவற்றையும் எழுபத்தொன்றுக்குப் பத்து என்ற இந்த விகிதத்தில் சேர்த்தால் திறந்திருக்கும் கடைகள் எண்பத்தைந்து இல்லை, ஐம்பத்தேழு பாயிண்ட் ஐந்து சதவீதம்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஊழியர் எண்ணிக்கையை நாங்கள் எல்லாக் கடையிலும் கேட்டிருந்தோம். ஆனால் அதைக் கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும் அதுவரை தோன்றவில்லை. போனில் பதில் சொன்ன, திறந்திருக்கிற தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு கடைகளை மட்டும் எடுத்துக் கூட்டினார். முன்பு பதினான்காயிரத்து இருநூற்றுப் பத்துப் பேர். இப்போது எட்டாயிரத்து நாற்பத்து நான்கு. எழுந்து நின்ற கடைகளிலேயே ஆறாயிரத்துச் சொச்சம் பேரைக் காணோம். “சொச்சம் இல்லை” என்று என்னைத் திருத்தினார். “ஆறாயிரத்து நூத்து அறுபத்தாறு.” சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “எல்லாம் இத்தனை மாசமா என் முன்னாடியேதான் இருந்திருக்கு.”

செயலாளர் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்டார். ஐம்பத்தேழு பாயிண்ட் ஐந்து பின்னிணைப்பில் வரலாம் என்றார். ஊழியர் அட்டவணை வேண்டாம் என்றார். “இது முதலாளிகள் சங்கம்மா. நம்ம வேலையை நாம பார்ப்போம். திரையில போடற படத்துலேருந்தும் அதை எடுத்துடு.”

வெளியீட்டு விழா ஒரு ஹோட்டல் அரங்கில் காலை பதினோரு மணிக்கு நடந்தது. முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் முதலாளிகள், நாலைந்து பத்திரிகைக்காரர்கள். கம்ப்யூட்டரை இயக்கிய அக்கா மேடை ஓரம் சின்ன மேசையில் இருந்தார். செயலாளர் பேசப் பேச ஒவ்வொரு படமாக மாறியது. எண்பத்தைந்து வந்ததும் கைதட்டல். பதினோராவது படம் வந்தது. திரையில் இரண்டே எண்கள்: 14,210. கீழே 8,044.

செயலாளர் திரும்பிப் பார்த்தார். அக்கா கையைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தார். அரங்கில் யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் போனை உயர்த்திப் படம் எடுத்தார்.

“இது இன்னும் சரிபார்க்காத எண்” என்றார் செயலாளர். “அடுத்தது போகலாம்.”

அடுத்தது போனது. கேள்வி நேரத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. படம் எடுத்த பெண்ணும் கேட்கவில்லை. விழா முடிந்து எல்லோரும் காபி குடித்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் எண்பத்தைந்து வந்தது. மூடிய கடைகளுக்கு உதவி செய்யும் திட்டம் ஒன்று பேச்சில் இருந்தது. துறைதான் மீண்டுவிட்டதே என்று அதை ஓரம் கட்டிவிட்டதாக இரண்டு மாதம் கழித்துக் கேள்விப்பட்டோம்.

அக்காவை யாரும் திட்டவில்லை. மாதக் கடைசியில் எங்கள் ஆறு பேருடைய ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. அவருடையது மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. தன் நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, டிராயரைத் துடைத்து, சாவியை என் மேசையில் வைத்தார். “ஏன்க்கா அப்படிப் பண்ணீங்க? என்ன மாறிடுச்சு?” என்றேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

“ஒண்ணும் மாறலை” என்றார். “கூட்டிப் பார்த்துட்டேன். பார்த்ததை மறைக்கச் சொன்னா எனக்கு வரலை, அவ்வளவுதான்.”

பிறகு அவர் ஒரு பெரிய மருத்துவமனையில் பதிவேட்டுப் பிரிவில் சேர்ந்தார். அண்ணன் கிடங்கிலேயே இருந்தார். மாஸ்டரின் வீட்டைத் தேடிப் போனாராம். அவர்கள் வீட்டைக் காலி செய்து எங்கோ போய்விட்டார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெளியே கிளம்புவதே இல்லை.

போன மாதம் மருத்துவமனை வாசல் பேருந்து நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது. கிடங்கில் பாரம் தூக்கி அண்ணனுக்கு இடுப்புப் பிசகிவிட்டது, நான்கு வாரமாகப் படுக்கை என்றார்.

“பேசறாராக்கா?”

“நான் பேசறேன். அவர் கேட்டுக்கறாரு.”

உங்கள் வேலை எப்படி என்று கேட்டேன். வருகிற நோயாளிகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாராம். அட்டவணை போடுகிற வேலை இல்லை. “கூட்டறதுக்கு வேற ஆள் இருக்காங்க” என்றார். அவர் போகவேண்டிய பேருந்து வந்தது. நல்ல கூட்டம். ஒரு கையில் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு படியில் காலை வைத்து, உள்ளே தள்ளித் தள்ளி ஏறினார். பேருந்து திரும்பும்வரை ஜன்னல்களில் தேடினேன். நின்றுகொண்டிருந்தவர்களுக்கு நடுவே அவர் தெரியவில்லை.